எல்லைக்கல்லுக்கு நாலு விரல் இப்பால்

போன வாரம் போலீஸில் வேலை பார்க்கும் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். அவர்களுடைய உதைபந்து அணியில் புதிதாக ஒருவன் சேர்ந்திருக்கிறானாம். பந்தோடு ஓடினால் புயலாம். பத்திரிகையில்கூட இரண்டு வரி வந்துவிட்டதாம். ஒருவர் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார். இன்னொருவர், "நேரா ஓட மட்டும்தான் சார் தெரியும், நாலு பேரு சூழ்ந்தா நின்னுடுவான், வெறும் விளம்பரம்" என்றார். மூன்றாமவர் என்னைப் பார்த்து, "ஐயா அந்தக் காலத்துல ஆள் பொறுக்கினவரு. நீங்க சொல்லுங்க. அவன் இந்தப் பேருக்குத் தகுதியா, இல்லியா?" என்றார்.

இதே கேள்விக்கு ஒரு முறை அரசாங்கக் காகிதத்தில், என் கையெழுத்தோடு, எழுத்துப்பூர்வமாகவே பதில் சொன்னவன் நான். அந்த அறிக்கையில் சரியாக இருந்தது தேதி மட்டும்தான். அந்தக் கதையை அவர்களுக்குச் சொன்னேன். மூவரும் சிரித்ததில் பாதி மரியாதைக்காக இருந்தாலும், மீதிச் சிரிப்பு நிஜம். ஆகவே எழுதியும் வைக்கிறேன்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் நான் புதுச்சேரிப் பக்கம் பாகூர் கொம்யூனில், அதாவது பாகூர் வட்டாரத்தில், போலீஸ் சிப்பாயாகச் சேர்ந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சிவப்புத் தொப்பி கொடுத்தார்கள், அது காதுவரை இறங்கியது. இடம் வலம் திரும்பச் சொன்னார்கள், திரும்பினேன். ஐம்பது பிரெஞ்சு வார்த்தை கற்றுக்கொண்டேன். அதில் முப்பது கட்டளை, பத்து மன்னிப்பு. அந்த ஐம்பதை வைத்துக்கொண்டே சில வருடத்தில் பிரிகாதியே ஆகிவிட்டேன். அதாவது பதினைந்து சிப்பாய்களுக்கு மேலே ஒரு பட்டைக்காரன். அதோடு எங்கள் போலீஸ் தலைவரான கொமிசேர் துரைக்கு நானே மொழிபெயர்ப்பாளன். மற்ற பதினைந்து பேருக்கும் பத்து வார்த்தைக்கு மேல் தெரியாததால் என் பிரெஞ்சைக் குறை சொல்ல ஆளில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் ஓட்டக்காரன் என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை எனக்கு வைத்தவனும் நானேதான்.

கொமிசேர் துரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தியதே இல்லை. பேசுவதற்கு முன்னால் பேனா மூடியைத் திருகித் திறப்பார். பேசி முடித்ததும் திருகி மூடுவார். மூடிவிட்டார் என்றால் விஷயம் முடிந்தது, அதற்குப் பிறகு யார் அழுதாலும் கேட்காது. அந்தப் பேனாவை யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. பன்னிரண்டு வருடம் எங்கள் ஊர்ச் சோற்றைத் தின்றும் ஒரு வார்த்தை தமிழ் பேசிக் கேட்டதில்லை. அவருக்குத் தமிழே வராது என்று நாங்கள் அவர் எதிரிலேயே என்னென்னவோ பேசியிருக்கிறோம்.

அவருக்கு ஒரே பயம் எல்லை. எங்கள் பக்கத்து எல்லை நேராகப் போகிற சமாசாரம் இல்லை. இந்த வயல் பிரெஞ்சு, அடுத்த வயல் இங்கிலீஷ், அதற்கடுத்த கிணறு மறுபடியும் பிரெஞ்சு. நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். அந்தக் கல்லில் ஆட்டைக் கட்டுவார்கள், அரிவாள் தீட்டுவார்கள். ஒரு சிப்பாய் சீருடையோடு அதைத் தாண்டிவிட்டால் மட்டும் இரண்டு சர்க்கார்களுக்கும் நடுவே மூன்று மாதம் கடிதம் பறக்கும். அப்படி ஒரு தடவை பறந்தது. அதன் பிறகு துரை ஒரு முறை வகுத்தார். கல்லைத் தாண்டியவன் அவர் எதிரில் நின்று பதில் சொல்ல வேண்டும். எத்தனை தப்படி போனாய்? எந்தக் கால் முதலில் அந்தப் பக்கம் பட்டது? தொப்பி தலையில் இருந்ததா? இடுப்புப் பட்டை இருந்ததா? யார் பார்த்தார்கள்?

அதே துரை ஒரு வழியும் விட்டிருந்தார். தாண்டக் கூடாதது சீருடைதான், ஆள் தாண்டலாம். அதனால் திருடனைத் துரத்திக்கொண்டு போகும்போது கல் வந்ததும் நிற்போம். தொப்பி, பட்டை, சட்டை, அரைக்கால் சட்டை எல்லாவற்றையும் கழற்றி மடித்துக் கல்லின் மேல் வைத்துவிட்டுக் கோவணத்தோடு ஓடுவோம். நாங்கள் மடித்து முடிப்பதற்குள் திருடன் ஆற்றைத் தாண்டியிருப்பான் என்பது வேறு விஷயம். முறை முறைதான். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதல் நாளே இதைத்தான் சொல்லிக் கொடுப்பேன். முன்னால் திருடன் ஓடட்டும், தீப்பிடிக்கட்டும், கல்லைக் கண்டால் நில்.

இந்த நிலையில் வந்து சேர்ந்தான் வடமலை. சேலியமேட்டுக்காரன், இருபத்திரண்டு வயது. தாய்மாமன் கரும்புக் கொல்லையில் பாடுபட்டவன். இடது காலில் சுண்டுவிரல் கிடையாது, சின்ன வயதில் அரிவாளுக்குக் கொடுத்துவிட்டான். ஆனால் அவன் வருவதற்கு முன்னாலேயே அவன் பெயர் வந்துவிட்டது. யாரோ ஒரு துரையின் மோட்டாரோடு பந்தயம் வைத்து ஓடினானாம். பாகூரில் கேட்டால் மோட்டாரோடு சமமாக ஓடினான் என்றார்கள். வில்லியனூரில் மோட்டாரை முந்தினான் என்றார்கள். இன்னும் நாலு மைல் போயிருந்தால் மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினான் என்றிருப்பார்கள்.

எங்கள் சாவடியில் இதே பேச்சுதான். அந்துவான் என்று ஒரு சிப்பாய், என் கூட்டாளி, அவனுக்கு வடமலை மேல் அப்படி ஒரு பக்தி.

"அண்ணே, அவன் ஓடறான்னு நெனச்சிக்கினு கீறியா? காத்து அவன தூக்கினு போவுது!"

"காத்துல பஞ்சுகூடத்தான் போவுது. பஞ்சுக்குச் சம்பளம் குடுப்பானா?"

"உனுக்கு வயித்தெரிச்சல்ணே."

"எனுக்கு எதுக்குடா வயித்தெரிச்சல்? பதினாறு திருடன தொரத்துனவன் நானு."

"புடிச்சியா?"

பிடித்தது இரண்டு பேரை. அதில் ஒருவன் நொண்டி.

வயிற்றெரிச்சல்தான். இப்போது சொல்வதில் என்ன வெட்கம்? அவன் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவனோ நான் சொன்னதற்கெல்லாம் "சரிங்க பிரிகாதியே" என்று தலையாட்டினான். பெருமை பேசவில்லை. மோட்டார் கதையைக் கேட்டதற்கு, "அது மேட்டுல ஏற முடியாம நின்னுட்சிங்க, நான் பாட்டுக்குப் போய்க்கினே இருந்தேன்" என்றான். இந்த அடக்கம் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவனுக்கு அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்பதும் எனக்குத் தெரியும். சிப்பாய் வேலைக்குப் போகிறவன் இனி என் கொல்லையில் கால் வைக்கக் கூடாது என்று மாமன் சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டில் பெண்டாட்டி முழுகாமல் இருந்தாள். ஆறு மாதம் என் கையின் கீழ் இருக்க வேண்டும், ஆறாம் மாதம் நான் ஓர் அறிக்கை எழுதுவேன். அதைப் பார்த்துத்தான் துரை அவனை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று முடிவு செய்வார். அனுப்பினால் அவனுக்குத் திரும்பிப் போக இடமில்லை.

ஜூலை பதினான்கு வந்தது. பிரெஞ்சுக்காரர்களின் பெரிய கொண்டாட்டம், கொடி, வாணம், மிட்டாய், விளையாட்டுப் போட்டி. எங்கள் கொம்யூன் போலீஸுக்கும் வில்லியனூர் அணிக்கும் உதைபந்து. மைதானம் ஒரு மந்தைவெளி. அதில் ஒரு கோணல் உண்டு. மேற்கு கோல் கம்பத்துக்குப் பன்னிரண்டு தப்படி இந்தப் பக்கம் எல்லைக்கல் நிற்கிறது. அதாவது அந்தக் கோல் இங்கிலீஷ்காரன் மண்ணில். எங்கள் அணிக்குத் தனிச் சட்டை கிடையாது, சீருடைதான் போட்டு வெறுங்காலோடு ஆட வேண்டும், தொப்பி மட்டும் வேண்டாம். அதனால் ஒவ்வொரு வருடமும் துரை இங்கிலீஷ் பக்கத்து ஊர் முன்சீப்பிடம் சொல்லி வைத்துவிட்டு, அன்று ஒரு நாள் மட்டும் ஆட்டக்காரர்கள் சீருடையோடு தாண்டலாம் என்று உத்தரவு எழுதுவார். அந்த உத்தரவைக் காலையில் சிப்பாய்களை வரிசையில் நிற்கவைத்துத் தமிழில் படித்துச் சொல்வது என் வேலை.

அந்த வருடம் துரை வழக்கத்தைவிட நீளமாக எழுதியிருந்தார். முதல் மூன்று பத்தி எனக்குப் புரிந்தது. நாலாவது பத்தி ஆரம்பத்திலேயே ஒரு வார்த்தை, ரயில் வண்டி மாதிரி நீளம். அதற்குப் பிறகு வந்ததும் பிடிபடவில்லை. உள்ளே போய்த் துரையைக் கேட்டிருக்கலாம். இத்தனை வருட மொழிபெயர்ப்பாளன் போய் அர்த்தம் கேட்பதா? கௌரவம் என்ன ஆவது? மூன்று பத்தியோடு காகிதத்தை மடித்து, "அவ்வளவுதான், கலையலாம்" என்றேன். பழைய சிப்பாய்களுக்கு அந்த உத்தரவு வருடா வருடம் தெரிந்த விஷயம். புதியவன் ஒருவனே.

ஆட்டம் ஆரம்பித்தது. வடமலையை நான் முதல் பாதியில் இறக்கவே இல்லை, துரைமார்கள் உட்கார்ந்த பந்தலுக்குக் காவல் போட்டேன். ஜனங்கள் "மோட்டார் எங்கடா? மோட்டார இறக்குடா!" என்று கத்த ஆரம்பித்தார்கள். இரண்டாம் பாதியில் வேறு வழியில்லாமல் இறக்கினேன். நாங்கள் அடிக்க வேண்டியது மேற்கு கோல்.

இரண்டு அணியும் ஆளுக்கு ஒரு கோல். முடிய நாலு நிமிஷம் இருக்கும். அந்துவான் உதைத்த பந்து வடமலை காலில் விழுந்தது.

அவன் ஓடியதை எப்படிச் சொல்வது? முதல் நாள் மழை பெய்து மண் பிடிப்பாக இருந்தது. ஒருவனைக் கடந்தான், இரண்டாவது ஆளைக் கடந்தான், நாலு பேர் பின்னால் வந்தார்கள், ஆனால் பின்னால்தான் வந்தார்கள். முன்னே இருந்தது கோல்காரர் மட்டும், வில்லியனூரில் அத்தர் கடை வைத்திருந்த பாய். நல்ல பருமன். அவரே கண்ணை மூடிக்கொண்டார். ஜனங்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். வயிற்றெரிச்சலை மறந்து நானும் எழுந்துவிட்டேன்.

கல் வந்தது. வடமலை நின்றான்.

வேகம் குறைத்து நிற்கவில்லை, பட்டென்று நின்றான். பந்து தன்பாட்டுக்கு உருண்டு போய் பாய் காலடியில் சேர்ந்தது. பாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார், பந்தை எடுத்தார்.

"இன்னாபா, கைலயே கொண்டாந்து குடுத்துட்ட? வூட்டுக்கு எடுத்துக்கினு போவட்டா?"

மந்தைவெளி முழுக்கச் சிரிப்பு. அவர் உதைத்த பந்தில் அவர்கள் இரண்டாவது கோலும் போட்டு ஜெயித்தார்கள். "மோட்டாருக்கு எண்ணெ தீந்துபோச்சு" என்று பிள்ளைகள்கூடக் கத்தின. வடமலை தலையைக் குனிந்துகொண்டு போனான். எனக்கு எப்படி இருந்தது? உண்மையைச் சொல்ல வேண்டுமானால், குளுகுளு என்று இருந்தது.

அன்று சாயங்காலமே அறிக்கை எழுதினேன். ஆறு மாதம் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது, எனக்குப் பொறுக்கவில்லை. "ஓடத் தெரியும். முடிக்கத் தெரியாது. தைரியம் தேவைப்படும் இடத்தில் நின்றுவிடுகிறான். இவன் பெயருக்கு ஏற்ற ஆளில்லை." அவன் ஏன் நின்றான் என்ற கேள்வி என் மண்டையில் ஏறவே இல்லை. சத்தியமாக ஏறவில்லை. கல்லைக் கண்டால் நில் என்று ஆறு மாதம் அவன் காதில் ஓதியவன் நான்.

இரண்டு நாள் கழித்துத் துரை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேஜை மேல் என் அறிக்கை. பேனா மூடியைத் திருகினார். என்னைப் பார்த்து பிரெஞ்சில், "ஏன் நின்றான் என்று கேள்" என்றார். கேட்டேன்.

வடமலை கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். "கல்லு வந்துட்சிங்க. கல்லத் தாண்டக் கூடாதுன்னு பிரிகாதியே சொல்லிக்கீறாரு. கழட்டி வெச்சுட்டுப் போலாம்னா, பந்தல்ல தொரசானிங்க, பொம்பளைங்க எல்லாம் உக்காந்துக்கினு இருந்தாங்க."

"மத்தவங்கல்லாம் தாண்டலியா?" என்றேன், என்னையறியாமல்.

"அவங்களுக்கு உத்தரவு வந்துருக்கும்னு நெனச்சேங்க. எனுக்கு நீங்க ஒன்னும் சொல்லல."

அந்த நிமிஷம்தான் எனக்கு நான் படிக்காமல் மடித்த நாலாவது பத்தி ஞாபகம் வந்தது. சீருடையோடு தாண்டலாம் என்ற அனுமதி அதில்தான் இருந்திருக்க வேண்டும். இதை நான் அப்படியே பிரெஞ்சில் சொன்னால் என் பட்டை போய்விடும். சொல்லாவிட்டால் அவன் வேலை போய்விடும். இரண்டையும் நிறுத்துப் பார்க்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை என்பதுதான் கேவலம்.

"வயிற்று வலியாம், முசே கொமிசேர்" என்றேன் பிரெஞ்சில்.

துரை என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு நிதானமாக, சேலியமேட்டுக்காரன் மாதிரியே, "கல்லு இன்னா ஆச்சு?" என்றார்.

தமிழில்! பன்னிரண்டு வருடமாக அவர் எதிரில் நாங்கள் பேசியதெல்லாம் வரிசையாக என் கண் முன்னால் வந்து போயிற்று. அவருடைய மூக்கைப் பற்றி நான் சொன்னதும் அதில் உண்டு.

அவர் கோபப்படவில்லை. மைதானத்துக்குப் போய் அளந்துகொண்டு வா என்றார். கல்லுக்கு எவ்வளவு தூரத்தில் நின்றான், கடைசித் தப்படிகளின் நீளம் என்ன, அவனையும் கூட்டிக்கொண்டு போ. அவர் பேனாவை மூடவில்லை.

போனோம். இரண்டு நாள் வெயிலில் மண் காய்ந்து அச்சு மாதிரி இருந்தது. எத்தனையோ கால் தடங்கள், ஆனால் சுண்டுவிரல் இல்லாத இடது பாதம் ஒன்றுதான். அதைத் தேடித் தேடி அளந்தேன். ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் நடுவில் நான் இரண்டு எட்டு வைக்க வேண்டியிருந்தது. கல்லுக்கு முன்னால் குதிகால் ஒரு சாண் நீளத்துக்கு மண்ணை உழுதிருந்தது. பெருவிரல் நுனிக்கும் எல்லைக் கோட்டுக்கும் இடையில் என் கையை வைத்துப் பார்த்தேன். நாலு விரல்.

அவ்வளவு வேகத்தில் வந்தவன், சரியாக நாலு விரல் விட்டு நின்றிருக்கிறான்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. யாரும் அப்படி நிற்க முடியாது. "தள்ளி நில்லு" என்று வடமலையிடம் சொல்லிவிட்டு இருபது தப்படி பின்னால் போனேன். ஒரு காலத்து ஓட்டக்காரன் அல்லவா? அவன் தடத்திலேயே கால் வைத்து ஓடி, கல்லிடம் நின்று காட்டுவது என்று முடிவு. வயது முப்பத்தெட்டு, தொந்தி தனி.

ஓடினேன். முதல் தடம் எட்டியது. இரண்டாவது பாதி எட்டியது. மூன்றாவதை நான் தேடவில்லை, அதுதான் என்னைத் தேடி வந்தது. கல் வந்தது. கால் நின்றது, உடம்பு நிற்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது வாய் நிறைய மண். முழுச் சீருடையோடு, பட்டையோடு, இங்கிலீஷ்காரன் சீமையில் குப்புறக் கிடந்தேன். முட்டி பிசகிவிட்டது, எழுந்திருக்க முடியவில்லை. "வாடா, வந்து தூக்குடா!" என்று கத்தினேன்.

வரவில்லை. தலையைத் திருப்பிப் பார்த்தேன். வடமலை கல்லின் அந்தப் பக்கம் நின்று தொப்பியைக் கழற்றினான். பட்டையைக் கழற்றினான். சட்டையை உதறி நாலாக மடித்தான். அரைக்கால் சட்டையையும் மடித்து, எல்லாவற்றையும் கல்லின் மேல் அடுக்கினான். பிறகு கோவணத்தோடு தாண்டி வந்து என்னை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான்.

"ரொம்ப அடிங்களா, பிரிகாதியே?" என்றான். அவன் முகத்தில் சிரிப்பில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவன் தோளில் சாய்ந்துகொண்டு வரும்போது எனக்கு அழுகை வந்தது. முட்டி வலி என்று அவனிடம் சொன்னேன்.

துரை அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அளவுகளைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். பிறகு என் சட்டை மண்ணைப் பார்த்தார், வேறொரு காகிதத்தை எடுத்தார்.

"எத்தனை தப்படி?"

"ஒன்றரை, முசே கொமிசேர்."

"எந்தக் கால் முதலில் பட்டது?"

"கால் இல்லை, முசே. முகம்."

எழுதினார். "தொப்பி தலையில் இருந்ததா?"

"எனக்கு முன்னாலேயே போய்விட்டது, முசே."

"யார் தூக்கியது?"

"வடமலை."

"சீருடையில் இருந்தானா?"

"இல்லை முசே. எல்லாவற்றையும் கழற்றி மடித்து வைத்துவிட்டுத்தான் வந்தான்."

பேனா நின்றது. துரை என் பழைய அறிக்கையை மேஜை மேல் என் பக்கமாகத் தள்ளினார். யாரும் தொடாத அந்தப் பேனாவை என்னிடம் நீட்டினார். "இவன் பெயருக்கு ஏற்ற ஆளில்லை" என்ற வரியை என் கையாலேயே அடித்தேன். அதற்கு மேலே, இவனை வேலையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினேன். நாலு பிழை இருந்தது, அவர் திருத்தவில்லை.

பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஜூலை பதினான்கு உத்தரவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து விரித்து, நாலாவது பத்தியைக் காட்டி, "இதற்கு என்ன அர்த்தம், முசே?" என்றேன். பன்னிரண்டு வருடத்தில் நான் அவரை அர்த்தம் கேட்டது அதுதான் முதல் தடவை. வடமலை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

துரை அந்தப் பத்தி முழுவதையும் தமிழில் சொன்னார். அவனையும் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டுப் பேனா மூடியைத் திருகி மூடினார்.

"போ, பிரிகாதியே" என்றார். "மூஞ்ச கழுவிக்கினு போ."